குளிர் யாருக்குச் சுகம்? மலையூர் எழுத்துகளைப் பற்றி

மலையூர்களைப் பற்றித் தமிழில் வருகிற எழுத்துகளை ஒன்றாகக் குவித்துவைத்துப் படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். ஊர் மாறும், வளைவுகளின் எண்ணிக்கை மாறும். வாக்கியம் மாறாது. இதமான குளிர், தவழும் மேகம், பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை, மாசில்லாத காற்று, அருவியில் ஒரு குளியல். கடைசியில் 'இப்படி ஒரு ஊரில் வாழ்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்' என்று ஒரு பெருமூச்சு. சுற்றுலாக் கையேடு, வார இதழ்ப் பயணக் கட்டுரை, சினிமாப் பாட்டு, நவீனக் கவிதை எல்லாம் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. இந்தப் பெருமூச்சைத்தான் நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கொடுத்து வைத்தவர்கள் யார், எதைக் கொடுத்தார்கள், யாரிடம் வைத்தார்கள் என்று கேட்பதே என் வேலை.

எடுத்துக்கொள்கிற ஊர் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 3500 அடி உயரம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 70 ஆயிரம் பேர். பெயருக்கு நகராட்சி; பஜாரையும் பஸ் நிலையத்தையும் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் எஸ்டேட்தான். பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. எங்க குடும்பத்தில் மூணு தலைமுறை அங்கே கொழுந்து கிள்ளியிருக்கு. அதனால் நான் நடுவுநிலை விமர்சகன் இல்லை. நடுவுநிலை என்று சொல்லிக்கொண்டு எழுதினவர்கள் எல்லாம் பங்களாத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதினார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

முதலில் அந்தப் 'பச்சைக் கம்பளம்'. கம்பளம் என்பது மேலே நின்று பார்க்கிறவனுடைய சொல், காலால் மிதிக்கிறவனுடைய சொல். தேயிலைக்குள் நிற்கிற பெண்ணுக்கு அது கம்பளம் இல்லை. இடுப்பளவு செடி. விடிகாலையில் அதில் நிற்கிற ஈரம் சேலையைத் தாண்டி உடம்புக்குப் போகும் என்று சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். கீழே அட்டை. மேலே மழை. முதுகில் கூடை. 'குளிரு எப்படிம்மா இருக்கும்?' என்று கீழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் கேட்டால் எங்க அம்மா சொல்லும்: 'குளிரா? அது சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்புறம் தெரியும். வேலையில இருக்கும்போது கையி மரத்துப்போயிரும், தெரியாது.' குளிரை உணர்வதற்கே ஓய்வு வேண்டியிருக்கிறது. 'இதமான' என்ற அடைமொழிக்குள் இருக்கிற வர்க்கம் இதுதான். சாதியும் இதுதான்.

'கோடை வாசஸ்தலம்' என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பருவம்தான் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் கீழே வெந்துபோகிறவர்கள் மேலே வந்து தங்குகிற இடம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கி வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாதபோது அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்பது சொல்லுக்குள் இல்லை. வெள்ளைக்காரன் இந்த மலைகளைக் கண்டுபிடித்ததாகச் சொல்லுகிற வரலாறும் இப்படிப்பட்டதுதான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல் நீலகிரி ஏறினார். பிறகு ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம் ஆனது. மதுரை வெக்கைக்கும் நோய்க்கும் தப்பி அமெரிக்க மிஷனரிகள் 1845ல் கொடைக்கானலில் குடியேறினார்கள். அவர்களுக்கு மலையின் காற்றே மருந்து. உடம்பைத் தேற்றிக்கொள்ள மேலே போனார்கள்.

நம்ம ஆட்களும் மேலே போனார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து, கங்காணியும் மேஸ்திரியும் கொடுத்த முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு மலையின் காற்று மருந்தாக இல்லை. ஒரே மலை, ஒரே உயரம், ஒரே தட்பவெப்பம். ஒருத்தனுக்குச் சுகவாசம், இன்னொருத்தனுக்கு மலேரியா. இது இயற்கையின் விளையாட்டு இல்லை. காட்டை வெட்டியதும் ஓடைகள் வெயிலுக்குத் திறந்துகொண்டன. புல் முளைத்த ஓடைக் கரைகளில் மலேரியாக் கொசு பெருகியது. ஓடைப் பக்கத்துப் பள்ளத்தில் லைன் வீடு, காற்றோட்டமான மேட்டில் துரை பங்களா. சேரி ஊருக்கு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று கீழே ஒரு கணக்கு இருந்ததைப்போல மேலேயும் ஒரு கணக்கு. வால்பாறையில் இன்றைக்கும் சின்கோனா என்று ஒரு இடம் இருக்கிறது. கொய்னா மருந்துக்காக அரசாங்கம் சின்கோனா மரம் வளர்த்த தோட்டம். பிறகு அரசுத் தேயிலைத் தோட்டமானது. எத்தனை பேர் காய்ச்சலில் போனார்கள் என்பதற்கு அந்த ஊர்ப்பெயரே சாட்சி. சுற்றுலாக் கையேட்டில் அது இன்னொரு 'கண்ணுக்கினிய' இடமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மலைப்பாதையில் கார்வர் மார்ஷ் துரைக்குச் சிலை இருக்கிறது, ஆனைமலைத் தோட்டங்களின் முன்னோடி என்று. காட்டை வெட்டினவர்களுக்குச் சிலை இல்லை. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: வெட்டப்பட்ட காடு காடர்களுடைய காடு, மலசர், முதுவர், புலையர் நடமாடிய காடு. சேரியிலிருந்து பிடுங்கப்பட்ட மனிதனின் கையில் கோடாலியைக் கொடுத்து ஆதிவாசியின் காட்டைப் பிடுங்க வைத்தது தோட்ட முதலாளியம். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்துகிற கதையாடலை ஏற்காமல், இரண்டு பேருடைய இழப்பையும் ஒரே பக்கத்தில் எழுதுகிற எழுத்து நமக்கு வேண்டும்.

இலக்கியத்துக்கு வருகிறேன். இந்த மலையைப் பற்றி நம்மிடம் இருக்கிற முக்கியமான பிரதி பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'. 1969ல் வந்தது. டேனியல் 1940களில் வால்பாறைப் பக்கம் தோட்ட மருத்துவராக இருந்தவர். பிறகு தொழிற்சங்கம் கட்டினவர். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று அது தமிழுக்கு வந்தது 2007ல். இடையில் 38 வருஷம். கருப்பன், வள்ளி என்று ஒரு தலித் தம்பதியின் கதை. அந்தக் கருப்பனும் வள்ளியும் பேசியிருக்கக்கூடிய மொழியில் அவர்கள் கதை வந்துசேர இத்தனை காலம் ஆனது. மலையைப் பற்றிய பெருமூச்சுகள் தமிழில் தாராளமாக அச்சாகிக்கொண்டிருந்த அதே 38 வருஷங்கள்தான் இவை.

அந்த நாவலின் பலம் என்ன? அதில் மழை வர்ணனை இல்லை, வேலை நேரம். பனி அழகு இல்லை, இருமல். தட்பவெப்பத்தை உடம்பின் வழியாக எழுதிய பிரதி அது. கூலிக் கணக்கும் கடன் கணக்கும் காய்ச்சலும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதை அது போலப் புட்டுவைத்த எழுத்து தமிழ்ச் சூழலில் குறைவு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தோட்டத்தைப் பற்றி முன்பே பேசியது. ஆனால் ஒரு தோட்டத்தின் முழு இயக்கத்தையும் உள்ளிருந்து காட்டியது டேனியல்தான்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அது மருத்துவரின் கண். மருத்துவர் கண்ணுக்கு மனிதர்கள் நோயாளிகளாக வருவார்கள். அடி வாங்குகிற உடம்பு, காய்ச்சலில் கிடக்கிற உடம்பு, புதைக்கப்படுகிற உடம்பு. மீட்பும் வெளியிலிருந்து, படித்த ஒரு நல்லவர் வழியாக வந்து சேருகிறது. எங்க அம்மாச்சி தலைமுறை ஆட்கள் வெறும் உடம்பாக இருக்கவில்லை. எடைத்தட்டில் ஏமாற்றுகிற கணக்கனுக்கு வைத்த பட்டப்பெயர்கள் இருந்தன. மாரியம்மனையும் கருப்பனையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சாவுக்கும் சாமிக்கும் அடிக்கப் பறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் துணி துவைக்கிற சாக்கில் நடந்த கேலியும் சண்டையும் இருந்தன. அந்தச் சிரிப்பு நாவலுக்குள் போதுமான அளவு வரவில்லை. ஒடுக்கப்பட்டவனின் துயரத்தை மட்டும் எழுதி அவனுடைய கேலியை விட்டுவிடுகிற எழுத்து, எவ்வளவு அனுதாபத்தோடு எழுதப்பட்டாலும், பாதி மனிதனைத்தான் எழுதுகிறது.

அதையே வைத்து 2013ல் பாலா எடுத்த 'பரதேசி' அந்தப் பாதியையும் பாதியாக்கியது. நாவலில் சாதி கதையின் எலும்பு. படத்தில் சாதி மங்கிப்போய், 'ஏழைக் கிராமத்தார்' என்ற பொதுப் பிம்பம் வந்து நிற்கிறது. தலித்தைப் பொதுவான ஏழையாக ஆக்குவது தமிழ் சினிமாவுக்குப் புதுசு இல்லை. இன்னொன்று, மருத்துவர். நாவலை எழுதினவரே ஒரு மருத்துவர், கிறிஸ்தவர், தொழிலாளிக்காக நின்றவர். படத்தில் மருத்துவர் மதம் பரப்பவே வந்தவராகி, பாட்டுப் பாடி ஆட்டம் போட்டு, கேலிப்பொருளாகிறார். மிஷனைப் பற்றி விமர்சனம் கூடாது என்று நான் சொல்லவில்லை, நிறைய இருக்கிறது. ஆனால் தலித் ஏன் மதம் மாறினான் என்ற கேள்வியைக் கேட்காமல் ரொட்டித் துண்டுக் கதையாக அதைச் சுருக்குவது யாருடைய அரசியல்? உடையலங்காரத்துக்குத் தேசிய விருது வாங்கிய படம் அது. கந்தலை நன்றாகத் தைத்திருக்கிறார்கள். கந்தல் கட்டினவனின் சாதியைத்தான் கழற்றிவிட்டார்கள்.

திணை பேசாமல் மலையைப் பற்றி எழுதத் தெரியாது நம்ம இலக்கியவாதிகளுக்கு. மலை என்றால் குறிஞ்சி, குறிஞ்சி என்றால் கூதிரும் முன்பனியும், யாமம், புணர்தல். சரி. ஆனால் தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சொன்ன கையோடு கருப்பொருளையும் சொன்னது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, அதோடு பறை, அதோடு தொழில். நவீனக் கவிஞர்கள் குளிரையும் காதலையும் எடுத்துக்கொண்டு பறையையும் தொழிலையும் கீழே போட்டுவிட்டார்கள். தேயிலையைக் கருப்பொருளாக வைத்தால் உரிப்பொருள் என்னவாக இருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் சொல்லுகிறேன்: பெயர்தல். ஊரைவிட்டு மலைக்குப் பெயர்தல், மலையைவிட்டு ஊருக்கும் இல்லாமல் பெயர்தல். குறிஞ்சி திரிந்தால் பாலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, திரித்தது யார் என்று கேட்பதுதான் தலித் விமர்சனம்.

இப்போது 'வாழத் தகுந்த ஊர்' என்ற பேச்சு. மத்திய அரசு 2018லும் 2020லும் எளிதாக வாழ்தல் குறியீடு என்று ஒன்று போட்டது. 111 நகரங்களை வரிசைப்படுத்தியது. வால்பாறை மாதிரிச் சின்ன ஊர்களுக்கு அதில் இடமில்லை. அந்த இடத்தை நிரப்புவது நாம் முதலில் பார்த்த பெருமூச்சு எழுத்துதான்: நல்ல காற்று, நல்ல தண்ணீர், நெரிசல் இல்லை, ஓய்வுக்குப் பிறகு வந்து குடியேறலாம். 'ஓய்வுக்குப் பிறகு' என்ற இந்த வார்த்தையில்தான் எனக்குத் தீப்பிடிக்கிறது. ஏனென்றால் எஸ்டேட்டில் ஓய்வு பெறுவது என்றால் ஊரைவிட்டுப் போவது. லைன் வீடு வேலையோடு ஒட்டியது. கணக்கு முடித்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். எங்க அம்மா 58 வயசில் கணக்கு முடித்தபோது, வீட்டுச் சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடை என்று எஸ்டேட் ஆபீசில் சொன்னார்கள். பிறந்ததும் அந்த மலை, கல்யாணம் பண்ணியதும் அந்த மலை, புருஷனைப் புதைத்ததும் அந்த மலை. கீழே ஒரு சென்ட் நிலம் கிடையாது. பட்டணத்தில் ஓய்வு பெற்றவர் குளிரைத் தேடி மேலே வருகிறார். அந்தக் குளிரில் நாற்பது வருஷம் நின்றவள் ஓய்வு பெற்றதும் கீழே தள்ளப்படுகிறாள். ஒரே பாதையில் இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே போகின்றன.

பொழுதுபோக்கு என்ற விஷயத்தில் சட்டம்கூட இலக்கியத்தைவிட நேர்மையாக இருந்திருக்கிறது. 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் இவற்றோடு, தொழிலாளிக்கும் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி என்று தனிப் பிரிவே இருந்தது. மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று இன்னொரு பிரிவு. குளிர் என்பது காப்பாற்றப்பட வேண்டிய ஆபத்து என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. எந்தப் பயணக் கட்டுரையும் ஒப்புக்கொண்டதில்லை. எழுதின சட்டம் எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பது ஒழுகுகிற கூரைகளுக்குத் தெரியும். 2020ல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் அதையும் கரைத்துவிட்டார்கள். துரைகளின் பழைய பங்களாக்கள் மட்டும் பாரம்பரியப் பங்களா என்ற பெயரில் விருந்தினர் விடுதிகளாகி, பொழுதுபோக்கு ஜோராக நடக்கிறது.

இது வெறும் ரசனைப் பிரச்சினை என்று யாராவது நினைத்தால் பெட்டிமுடியை நினைத்துக்கொள்ளட்டும். மூணாறு பக்கம், ராஜமலை. வரையாடு பார்க்கவும் குறிஞ்சி பூக்கும்போது பார்க்கவும் கூட்டம் வருகிற மலை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, பேய்மழையில் மலை சரிந்து லைன் வீடுகள் மேல் விழுந்தது. 70 பேர். பெரும்பாலும் கயத்தாறு வட்டாரத்து வேர் கொண்ட தமிழ்த் தலித் குடும்பங்கள். மறுநாள் இரவு கோழிக்கோட்டில் விமான விபத்து. கேரள அரசு முதலில் அறிவித்த தொகை, விமானத்தில் இறந்தவருக்குப் 10 லட்சம், லைன் வீட்டில் இறந்தவருக்கு 5 லட்சம். காலநிலை மாற்றம் என்று உலகமே பேசுகிறது. மழை எல்லோருக்கும் பொதுவாகப் பெய்யலாம். மண் யார் வீட்டின் மேல் சரிகிறது என்பதும், செத்தவனுக்கு என்ன விலை என்பதும் பொதுவானவை இல்லை.

மாஞ்சோலைக் கதையை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1999 ஜூலை 23, கூலி உயர்வும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் பாய்ந்து, 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. அதே மாஞ்சோலையில் 2024ல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று தாளை நீட்டியது. நாலு தலைமுறை ஆட்களுக்கு 'விருப்பம்'. காடு காட்டுக்கே திரும்பட்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் எழுதினார்கள். காடு வாழ வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. குத்தகை எடுத்தவன் லாபத்தோடு போய்விட்ட பிறகு, காட்டுக்கான கடனைக் கொழுந்து கிள்ளினவள் மட்டும் அடைக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியாத கணக்கு. மனிதரும் விலங்கும் சேர்ந்திருக்க வழியே இல்லை என்பதும் பொய். வால்பாறையிலேயே, யானை எங்கே நிற்கிறது என்று செல்போனுக்குச் செய்தி அனுப்பியும், சிவப்பு விளக்கு எரியவைத்தும் ஆராய்ச்சியாளர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மக்களை ஊராக மதித்துச் செய்த வேலை அது.

இன்றைய லைன் வீடுகளில் நம்ம பிள்ளைகள் குறைவு. திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். அந்த இடத்துக்கு அசாமிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவர்களில் ஆதிவாசிகளும் பலர். 2025 ஜூனில் அப்படி வந்த ஒரு ஜார்கண்ட் குடும்பத்தின் சின்னப் பெண்ணை வீட்டு வாசலிலிருந்து சிறுத்தை தூக்கிப்போனது. அந்தக் குடும்பத்தின் மொழி நமக்குத் தெரியாது. நம்ம பாட்டன் பாட்டி வந்த வழியில்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள் என்பது தெரியும். அவர்களை 'வடக்கன்' என்று ஏளனமாகச் சொல்லுகிற வாய் நம்ம பக்கத்திலும் இருக்கிறது. தலித் எழுத்து முதலில் அந்த வாயை மூட வைக்க வேண்டும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்தும், வால்பாறைக்கு 2025 நவம்பரிலிருந்தும் மேலே போக இ-பாஸ் வேண்டும் என்றாகிவிட்டது. சுற்றுலாப் பயணிகளுக்குச் சிரமம் என்று பத்திரிகைகள் அங்கலாய்த்தன. 1903ல் சென்னை மாகாணத்தில் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தம் முடியாமல் கீழே இறங்கிப்போவதைக் குற்றமாக்கி ஜெயிலுக்கு அனுப்பியது. மேலே போவதற்கு அனுமதி கேட்பதைப் பற்றி எழுதுகிறவர்கள், கீழே இறங்குவதற்கு அனுமதி இல்லாதவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம்.

மாணவர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். இனி மலையூரைப் பற்றி எந்தப் பிரதி கையில் கிடைத்தாலும் மூன்று கேள்விகளை அதன் முன் வையுங்கள். இதில் மழைக்காலம் இருக்கிறதா? இதில் வேலை செய்கிறவருக்கு வீடு யார் பெயரில் இருக்கிறது? இதில் அவர் சிரிக்கிறாரா? மூன்றுக்கும் பதில் இல்லாத பிரதி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது விளம்பரம். அதோடு ஒரு வேலையும் இருக்கிறது. டான்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர 2022ல் ஆணை வந்தது. மாஞ்சோலை காலியாகிக்கொண்டிருக்கிறது. லைன்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. மேஸ்திரிக்கு வைத்த பட்டப்பெயர்கள், காட்டு ஓடைகளுக்கு நம்ம ஆட்கள் வைத்த பெயர்கள், எடை போடுகிற இடத்தில் பாடிய நையாண்டிகள், எந்தப் பள்ளத்தில் யார் புதைக்கப்பட்டார் என்ற கணக்கு, இதெல்லாம் எழுபது, எண்பது வயசுப் பெண்களின் வாயில் மட்டும் இருக்கின்றன. அவர்கள் இப்போது பொள்ளாச்சியிலும் கயத்தாறிலும் அம்பாசமுத்திரத்திலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். 'குளிரு எப்படி இருந்துச்சு பாட்டி?' என்று ஆரம்பியுங்கள். அவர்கள் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம்.